பலாமரத்து நெட்டும் கொதிக்கிற லேப்டாப்பும்

“ஃபார்மேட் பண்ணிக் குடுத்துடுங்க” என்று யாராவது கடைப் படியேறி வந்ததும் வராததுமாகச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வயிற்றுவலி என்று டாக்டரிடம் போகிறவர்கள், வயிற்றையே எடுத்துவிடுங்கள் என்றா கேட்கிறார்கள்? என்ன கோளாறு என்று நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்வது என்று நான் சொல்கிறேன் என்பேன். அதற்குக் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு. போனவர்களில் பாதிப்பேர் அதே மிஷினோடு திரும்பி வந்ததும் உண்டு.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் என் வீட்டுக்காரர் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அதன் பின்பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, அங்கே நான் லேப்டாப் பழுது பார்க்கிறேன். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் வியாபாரம்தான். அத்தாவுக்குப் பாத்திரக் கடை, அண்ணன்களுக்கு ஜவுளி. வாங்கி விற்பதில் எனக்கு ருசி கிடையாது. கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் ருசி. முன்கோபக்காரி என்று தெருவே சொல்லும். வேலை தெரிந்தவள் என்பதையும் அதே தெருதான் சொல்கிறது. அதனால் திட்டு வாங்கிக்கொண்டாவது வருகிறார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து அந்தப் பெண் வந்தபோது ஃபார்மேட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பழைய லேப்டாப் ஒன்றைத் துண்டில் சுற்றி, அதைப் பைக்குள் வைத்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். மேஜை மேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

“அக்கா, ஃபேன் கத்திக்கினே இருக்குது. மவுஸ் நவுரமாட்டேங்குது. ஹெட்போன்ல பேச்சு கரகரன்னு உடைஞ்சு வருது. நெட்டை ஆஃப் பண்ணா எல்லாம் அடங்கிடுது.”

இப்படி ஒருவர் கோளாறு சொல்லி நான் கேட்டதே இல்லை. பாதி வேலையை அவளே முடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் வேலை என்ன என்று கேட்டேன். எங்கோ இருக்கிற டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை, ஹெட்போனில் கேட்டு அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கம்பெனி அவளைச் சோதனைக்காகச் சேர்த்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை. கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி முடித்தவள். கூடவே தட்டச்சும் பழகியிருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. திடீரென்று ஒருநாள் லேப்டாப் கொதிக்க ஆரம்பித்தது. ஒலி உடைகிறது, வார்த்தை விழுகிறது, ஒரு மருந்தின் அளவு மாறிப்போகிறது. கம்பெனியில் இரண்டு முறை கண்டித்துவிட்டார்கள். இன்னும் ஒரு பரீட்சை வைப்பார்கள், அதிலும் இப்படியே ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

“சொல்லிட்டா?”

“அம்மாகூட குடகுக்குப் போகணும்க்கா. மேஸ்திரிகிட்ட ரெண்டு பேர் பேரும் குடுத்தாச்சு. அடுத்த வாரம் வண்டி.”

மலையிலிருந்து சனங்கள் மிளகு பறிக்கவும் காபி பறிக்கவும் வண்டி வண்டியாகப் போவது எங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பஸ் ஸ்டாண்டில் மூட்டையும் தூக்குப் போசியுமாக உட்கார்ந்திருப்பார்கள். இவள் பள்ளிக்கூடத்து லீவுகளில் போய்வந்தவள். அதைப் பற்றி அவள் அழுது சொல்லவில்லை. அடுத்த வாரம் மழை வரும் என்கிற மாதிரிதான் சொன்னாள். இவ்வளவு தெளிவாகக் கோளாறு சொல்லத் தெரிந்தவள் ஏணியில் ஏறி மிளகு பறிக்கப் போகிறாளா என்று எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

லேப்டாப்பைத் திறந்தேன். என் கடை நெட்டில் அது பூனை மாதிரி படுத்துக்கிடந்தது. பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு தரையோடு தரையாக ஓடியது. நெட்டை வேண்டுமென்றே துண்டித்து மறுபடி இணைத்துப் பார்த்தேன். இணைகிற அந்தக் கணத்தில் கோடு விருட்டென்று மேலே போய்விட்டு இறங்கியது. இன்னொரு முறை செய்தேன். இன்னொரு முறையும் ஏறி இறங்கியது. அது போதும் எனக்கு. நெட்வொர்க் கார்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கிற டிரைவர் என்ற மென்பொருள்தான் ஒவ்வொரு இணைப்புக்கும் பிராசஸரைப் பிடித்து உலுக்குகிறது. அந்தக் கார்டுக்குப் பொருந்தாத புது டிரைவர் ஒன்று ஏதோ அப்டேட்டில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அதை நீக்கி, கார்டு செய்தவர்கள் கொடுத்த பழைய டிரைவரைப் போட்டேன். மறுபடி அது தானாக மாறாதபடி பூட்டியும் வைத்தேன். இப்போது இணைக்கும்போது கோடு கொஞ்சம்தான் ஏறியது.

டிரைவரின் உள் அமைப்பில் இன்னொன்றையும் பார்த்தேன். நல்ல சிக்னலைத் தேடி எவ்வளவு வேகமாகத் தாவ வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். அதை யாரோ உச்சத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மலைக்குப் போகிற மிஷின் என்றால் எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்து கொடுப்பார்கள். அங்கே சிக்னல் கம்மி, அதனால் எல்லாவற்றையும் உச்சத்தில் வை என்பது எங்கள் தொழிலின் வழக்கம். நானும் அதை அப்படியே விட்டுவைத்தேன்.

“போய் நிம்மதியா வேலை செய். இனி கத்தாது” என்று அனுப்பினேன். சொன்னால் சொன்னதுதான் என்ற நினைப்பு எனக்கு.

மறுநாளே திரும்பி வந்தாள். அதே கத்தல், அதே கரகரப்பு. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மலையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோவதென்றால் ஒரு பகல் போய்விடும் என்பதால், அவளை என் பக்கத்திலேயே உட்காரவைத்து மாலைவரை அந்த மிஷினை ஓட்டினேன். டாக்டர்கள் பேசினார்கள், அவள் தட்டினாள். ஒரு வார்த்தை உடையவில்லை. ஃபேன் சத்தமே இல்லை. அவளுக்கு முகம் சின்னதாகிவிட்டது, பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று.

நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் கத்தினேன். “வூட்டுக்குப் போய் இன்னா தான் பண்றே இதை?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க சொன்ன மாதிரிதான்க்கா பண்ணேன்” என்றாள். செருப்புக் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “பொண்ணை இன்னாத்துக்கு மிரட்டிக்கினு இருக்கே?” என்றார். அவருக்கும் திட்டு விழுந்தது.

கோபம் அடங்கியதும் கார்டையே கழற்றினேன். அதே வகைக் கார்டு ஒன்று என் உதிரிப் பெட்டியில் இருந்தது. அதைப் பொருத்தி அனுப்பினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த லேப்டாப்பிலிருந்தே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அவள் பேசுவதற்கு முன்பே பின்னால் அந்த ஃபேன் சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த நிமிடம் நான் சோர்ந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டிரைவரை மாற்றியாயிற்று, கார்டையும் மாற்றியாயிற்று, என் கடையில் ஒழுங்காக ஓடுகிறது, மலையில் ஓடவில்லை. அப்படியென்றால் கோளாறு இந்தப் பெட்டிக்குள் இல்லை. மலையில் இருக்கிறது. மலையில் இருந்தால் மலைக்குப் போக வேண்டியதுதானே?

“ஒண்ணும் தொடாதே. எது எங்க இருக்குதோ அப்படியே இருக்கட்டும். பரீட்சை எப்போ?”

“நாளைக்கு மதியம்க்கா.”

“காலை பஸ்ஸுக்கு வரேன்.”

வீட்டுக்காரர் சிரித்தார். “கம்ப்யூட்டருக்கு வூடு தேடிப் போய் வைத்தியம் பாக்குறவ நீ ஒருத்திதான்” என்றார். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலையும் ஒரு பொட்டலம் மிக்சரையும் பையில் வைத்துக் கொடுத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவரை மாற்றியது போதாதா, நானும் வர வேண்டுமா என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு நிறுத்தத்தில் அவள் காத்திருந்தாள். அங்கிருந்து மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து ஊருக்குள் போனோம். பத்திருபது வீடுகள் இருக்கும்.

வீட்டு வாசலில் அவள் அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சுவரோரம் இரண்டு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“எனுக்கும் அவ இங்கியே இருக்கணும்னுதாம்மா ஆசை. ஆனா இந்தப் பொட்டி கத்துறதைக் கேட்டா நம்பிக்கை வரமாட்டேங்குது. நான் இன்னா பண்றது?” என்றார். மறுபடி புளி தட்டப் போய்விட்டார்.

லேப்டாப் சன்னலோரம் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. திறந்தாள். நெட்டை இணைத்தாள். சொல்லிவைத்தாற்போல ஃபேன் அலறியது. பிராசஸர் கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. கையை வைத்தால் சுட்டது. கடையில் பூனையாகக் கிடந்த மிஷினா இது என்று எனக்கே ஆச்சரியம். கூடவே ஒரு குஷி. கண்ணெதிரே கெட்டுக் காட்டுகிற மிஷின்தான் எனக்கு வேண்டும்.

இந்த நிமிடம் கார்டு எந்த நெட்டோடு, எந்தக் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடித்தேன். நெட்டின் பெயர் வந்தது. அதன் கீழே, நெட் கொடுக்கிற கருவிக்கென்று இருக்கிற தனி எண்ணும் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். பெயர் அதேதான். எண் வேறாக இருந்தது. இன்னொரு முறை அடித்தேன். மூன்றாவதாக ஒரு எண் வந்தது.

“உனுக்கு நெட்டு எங்கேருந்து வருது?”

“மரத்துலேருந்துக்கா.”

வெளியே வந்து பார்த்தேன். வீட்டுக்கு எதிரே நல்ல உயரமான பலாமரம். கீழே ஒரு கோடு சிக்னல்கூட வராது, மேலே தூக்கிக் கட்டினால்தான் டவர் கிடைக்கும் என்று, கிளை மேல் கயிறு போட்டுப் பையில் போனை வைத்து ஏற்றிவிடுகிறார்கள். அந்த போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வீட்டுக்குள் நெட் வருகிறது. ரொம்பச் சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் மரத்தில் ஒரு பை தொங்கவில்லை. மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பை, சிமெண்டுச் சாக்கில் தைத்தது என்று ஆறு பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“இதுல உன்னுது எது?”

“அந்த மஞ்சப் பைக்கா.”

“மீதியெல்லாம்?”

“ஊர்க்காரங்களுது.”

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கதை விளங்கியது. முதலில் அவள் போன் மட்டும்தான் தொங்கியது. அதில் அன்றைக்கான டேட்டா தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு அம்மா தன் போனைக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் லேப்டாப்பில் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு போட வேண்டியிருந்தது. அதில் நேரம் போய் ஒருநாள் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. அவள் யோசித்து ஒரு காரியம் செய்தாள். ஊரில் இருந்த நல்ல போன்கள் எல்லாவற்றிலும் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரே பெயரையும் ஒரே பாஸ்வேர்டையும் வைத்துவிட்டாள். எந்த போனை ஏற்றினாலும் லேப்டாப் கேள்வி கேட்காமல் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு போன் தொங்கியவரை அது பிரமாதமாக ஓடியது.

பிறகு ஒருநாள், ஒன்று போதாது என்று நினைத்து யாரோ இரண்டாவதையும் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்குத்தான் லேப்டாப் முதல்முறையாகக் கத்தியது. பெண்ணுக்கு நெட் சரியில்லையாம், வேலை போய்விடுமாம் என்று ஊரில் பேச்சு பரவியது. மூன்றாவது போன் ஏறியது. கத்தல் ஜாஸ்தியானது. நாலாவதும் ஐந்தாவதும் ஏறின. வேலைக்கு வெளியூர் போன பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்க அவர்களுக்கு போன் வேண்டும், மரவள்ளி லோடுக்கு வண்டி சொல்ல போன் வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் வேலை நேரம் முழுக்கத் தங்கள் போனை மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதனால் அவளைத் திட்டினேன்.

“ஏண்டி, இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கேக்கலியேக்கா.”

அதுவும் சரிதான். கடையில் ஹாட்ஸ்பாட்டா என்று கேட்டிருந்தேன், ஆமாம் என்றாள். எத்தனை போன் என்று யார் கேட்பார்கள்?

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் விளக்க ஆரம்பித்தேன். ஒரு சின்னக் குழந்தையை ஆறு வீட்டுப் பெரியம்மாக்களும் ஒரே நேரத்தில், ஒரே பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? இந்த வீட்டுக்கு ஓடும், வாயில் வைப்பதற்குள் அந்த வீட்டிலிருந்து குரல் வரும், அங்கே ஓடும். ஓடி ஓடியே களைத்துப்போகும், ஒரு வாய் சோறு இறங்காது. லேப்டாப்பும் அப்படித்தான் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தாவலுக்கும் எல்லா வேலையையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, அதனால்தான் கொதிக்கிறது என்றேன். ஆகவே ஒன்றை விட்டுவிட்டு மீதியை இறக்குங்கள் என்றேன்.

யாரும் நகரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “எம் போனு இருக்கட்டும் பாயம்மா. என் பையன் வாங்கிக் குடுத்தது, புதுசு. அதுல டவர் நல்லா எடுக்கும்” என்றார். இன்னொருவர் தன்னுடையதில்தான் நெட் ஜாஸ்தி என்றார். அவரவர் போனை நான் மட்டம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பேசிப் பயனில்லை. செய்து காட்ட வேண்டும்.

எல்லா போனையும் இறக்கி ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொன்னேன். லேப்டாப்பை வாசலில் எல்லோருக்கும் தெரிகிறபடி வைத்தேன். “இந்தக் கோடு மேல போனா பொண்ணுக்குக் கஷ்டம். கீழ இருந்தா நிம்மதி” என்றேன். அவளுடைய போனை மட்டும் ஏற்றினார்கள். கோடு ஒருமுறை எழும்பிவிட்டுக் கீழே படுத்தது. ஃபேன் அடங்கியது. அந்த அமைதியே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. இரண்டாவதாகப் பக்கத்து வீட்டு அம்மாவின் போன் ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோடு குதிக்க ஆரம்பித்தது. மூன்றாவதும் ஏறியதும் ஃபேன் கத்தியது.

“இறக்குங்க, இறக்குங்க” என்று அவர்களே கத்தினார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்போ நாங்க குடுத்ததுதான் அவளைக் கெடுத்துச்சா?” என்று கேட்டார்.

அவர் மகனும் குடகில்தான் இருக்கிறானாம். மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அவனுக்கு அம்மாவிடம் பேச நேரம். அந்த வேளையில்தான் இந்த போன் மரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பெண் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்ல பெரிம்மா, இல்ல” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“குடுத்தது தப்பே இல்லம்மா. எல்லாரும் ஒரே நேரத்துல குடுத்தீங்க, இந்தப் பொட்டிக்குத் தாங்குற வயசு இல்ல” என்றேன். “உங்க போனு இல்லாம இன்னிக்குப் பரீட்சை நடக்காது. எப்போ கேக்குறேனோ அப்போ குடுக்கணும். அதுக்கு முன்னாடி குடுக்கக் கூடாது.” அது அவருக்குப் பிடித்திருந்தது. முந்தானையால் போனைத் துடைத்தார்.

மதியத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். முதலில் டிரைவருக்குள் போய், அந்தத் தாவல் கணக்கை உச்சத்திலிருந்து இறக்கி அடியில் வைத்தேன். மலைக்கு எல்லாம் உச்சம் என்ற எங்கள் தெரு வழக்கத்தை அன்றோடு விட்டேன். பிறகு ஆறு போன்களுக்கும் ஆறு பெயர் வைத்தோம். அவரவர் வீட்டுப் பெயரையே வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் லேப்டாப்புக்கு ஒருமுறை அறிமுகம் செய்து வைத்தேன். இனி எது ஏறினாலும் பாஸ்வேர்டு கேட்காது. ஆனால் ஒன்றை மற்றொன்று என்று நினைத்துத் தாவவும் தாவாது. ஒரு நேரத்தில் ஒரு போன்தான் மரத்தில் இருக்க வேண்டும், மற்றவை கீழே சார்ஜோடு இருக்க வேண்டும் என்று சட்டமும் போட்டேன். சட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை.

பரீட்சை ஆரம்பித்தது. கம்பெனிப் பெண்மணி ஒருவர் திரையில் வந்து விதிமுறைகளைச் சொன்னார். அறையில் வேறு யாரும் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது. நான் சன்னலுக்கு வெளியே, திரையில் கோடு தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன். டாக்டர் ஒருவர் வேகமாகப் பேச, அவள் விரல்கள் ஓடின. கோடு கீழே படுத்துக்கிடந்தது. ஜெயித்தாயிற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒலி நின்று நின்று வருகிறது என்று கண்ணாலேயே சொன்னாள். கோடு ஏறவே இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து நான் துண்டித்தும் இணைத்தும் ஆடிய ஆட்டத்தில் அவள் போனில் அன்றைக்கான டேட்டா தீர்ந்திருக்கிறது. சத்தம் போடவும் முடியாது. மரத்தடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

மரத்தடியில் அந்த ஐந்து பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஹாட்ஸ்பாட்டைத் திறக்கவில்லை. என் கை அசைந்ததும் ஒருவர் கயிற்றை விட்டு மஞ்சள் பையை இறக்கினார். பக்கத்து வீட்டு அம்மா தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பைக்குள் போட்டார். கயிறு மேலே போனது. ஒரு சத்தமில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

உள்ளே ஒலி முழுவதும் நின்றுவிட்டது. அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியாகக் கேட்ட வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். கோடு ஒருமுறை எழும்பியது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோடு இறங்கியது, இறங்கிக் கீழே படுத்தது. டாக்டர் விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார் என்பது அவள் விரல்களின் வேகத்திலேயே தெரிந்தது. அவள் ஒரு வரிகூடப் பின்தங்கவில்லை.

முடிந்ததும் அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். என் பொட்டலத்து மிக்சரைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். நான் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியபோது லேப்டாப் டிங் என்றது. அவள் போய்ப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு, தப்பாகப் படிக்கிறேனோ என்று என்னைக் கூப்பிட்டாள். நான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். சோதனைக் காலம் முடிந்தது, பிழை கம்மி, அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம்.

மரத்தடியில் ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு அம்மா, “என் போனுதான் கடைசில ஓடுச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுதாள். நான் அழவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் அம்மா மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. புளிக் கையைக் கழுவிவிட்டு வந்து, மரத்தில் இருக்கும் போனை இறக்கச் சொன்னார். மேஸ்திரி நம்பரை எடுத்துத் தரச் சொல்லி மகளிடம் நீட்டினார். ஊருக்குப் பின்னால், பேச மட்டும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நின்றுகொண்டு, மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரி பேசினார்.

“எம் பேரு இருக்கட்டும், நான் வரேன். பொண்ணு பேரை எடுத்துடு... ஆமா, அவ வரல... இல்லப்பா, இந்த தபா மட்டும் இல்ல. அவ இனிமே எப்பவும் வரமாட்டா.”